ருசி, விலை, தரம்

சென்னை, புரசைவாக்கம்
14-6-87

அன்புள்ள தங்கமணி அக்காவுக்குத் தம்பி இளஞ்செழியன் எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகவே சாப்பிடுகிறேன். மலையில் மழை பிடித்துவிட்டதாமே, உன் சளி இறங்கிற்றா?

இந்த உறைக்குள் இரண்டு தாள் இருக்கும். வெள்ளைத்தாள் அப்பாவுக்கு. சனிக்கிழமை நீ ஊருக்கு இறங்கும்போது அதை அவருக்குப் படித்துக் காட்டு. டுட்டோரியலுக்குப் போகிறேன், படிக்கிறேன், ஆகஸ்டு ஒன்பதாம் தேதி சர்க்கார் வேலைக்கான தேர்வு என்றெல்லாம் அதில் இருக்கும். தேர்வு மட்டும் உண்மை. டுட்டோரியலை விட்டு ஒரு மாதம் ஆகிறது. இப்போது ஒரு பேக்கரியில் பன் போடுகிறேன். இந்த பில் தாளின் தலையில் அச்சடித்திருப்பது அந்தக் கடையின் முகவரிதான். பில் தாளில் எழுதுவது உனக்கு மட்டும். இனி இதுதான் வழக்கம்: வெள்ளை அப்பாவுக்கு, பில் உனக்கு.

திட்டாதே. முதலாளி கை நிறையச் சம்பளம் கொடுக்கவில்லை என்றாலும் வயிறு நிறையச் சோறு போடுகிறார். என்னோடு அடுப்படியில் நிற்கிறவன் நம் ஊர்ப் பக்கத்தான், பகலவன் என்று பெயர். கள்ளக்குறிச்சி கருணாபுரம் காலனி. வந்த அன்றைக்கே என் பேச்சைக் கேட்டு, "இன்னா, நீ நம்ம பக்கமா?" என்று சிரித்தான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். ஊரில் இதைச் சொல்லாதே.

முதலாளிக்கு இப்போது பர்கர் போட வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. பன்னை இரண்டாக அறுத்து நடுவில் ஒரு தட்டை வடை, வெங்காயம், தக்காளி, சாஸ். அவ்வளவுதான். மவுண்ட் ரோட்டில் அதற்குக் கூட்டம் அடித்துக்கொள்கிறதாம்.

உன் தம்பி,
இளஞ்செழியன்

வெள்ளிமலை
25-6-87

தம்பி செழியனுக்கு அக்காவின் ஆசிகள்.

சளி போய்விட்டது, இருமல் குடியிருக்கிறது. அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. நீ வேளைக்குத் தூங்குகிறாயா?

வெள்ளைத்தாளைப் படித்துக் காட்டினேன். அம்மா போன பிறகு சனிக்கிழமை சாயங்காலம் உன் கடிதம்தான் அவருக்குச் சினிமா, கச்சேரி எல்லாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும், "இன்னொரு தபா படி" என்பார். நீ எழுதாததையும் இரண்டு வரி சேர்த்துப் படித்தேன். ஐம்பது பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்திவிட்டு, மலையிறங்கி வந்து நான் செய்கிற வேலை இது. உனக்கு ஒன்று சொல்கிறேன்: பன் போடு, வடை போடு, தேர்வை மட்டும் விட்டுவிடாதே. போன முறை இரண்டு மார்க்கில் போயிற்று. அப்பா அந்த இரண்டு மார்க்கை இன்னும் மறக்கவில்லை.

அவர் சாதிச் சங்கக் கூட்டத்துக்கெல்லாம் போகிறார். நம் ஆட்களுக்கு வேலையிலும் படிப்பிலும் தனியாக இருபது சதவீதம் வேண்டும் என்று பெரிய மறியல் வரப் போகிறதாம். "ரெண்டு மார்க்குல போனவன் வூட்லருந்து ஒரு ஆளு போவ வாணாமா?" என்கிறார். எங்கே நிறுத்துவது அவரை?

பன்னுக்கு நடுவில் வடையா? நம் ஊர் டீக்கடையில் பன்னும் வடையும் இரண்டு கையில் வைத்துத் தின்போமே, அதற்கா கூட்டம்?

அன்புடன்,
அக்கா தங்கமணி

சென்னை
11-8-87

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம். உன் இருமலுக்கு மிளகு போட்டுப் பால் குடி. அப்பாவின் கால் எப்படி?

முதலில் பர்கர் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதைச் சொல்லத் தைரியம் வரும். முதலாளி காசு கொடுத்து, மூன்று கடையில் தின்றுவிட்டு வந்து ருசி, விலை, தரம் மூன்றையும் எழுதிக் கொடு என்றார்.

மவுண்ட் ரோடு, ஏ.சி. கடை. விலை பன்னிரண்டு ரூபாய். பன் பஞ்சு, வடை மணமாக இருக்கிறது, ஆனால் உள்ளங்கையில் பாதி. சாஸைத் துடைத்துவிட்டால் வடைக்கென்று ருசி இல்லை. அந்தப் பன்னிரண்டில் ஆறு ரூபாய் குளிர்காற்றுக்கு.

எழும்பூர் ஸ்டேஷன் எதிரே. ஆறு ரூபாய். வடை பெரியது, காலையில் போட்டது. கடித்தால் பன் ஒரு பக்கம் போகிறது, வடை மறுபக்கம் உடைந்து சட்டையில் விழுகிறது. பசியோடு ரயிலிறங்குகிறவன் தரம் பார்க்க மாட்டான் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு காலேஜ் வாசல் தள்ளுவண்டி. மூன்று ரூபாய். பன் முரடு, தக்காளி பழையது. ஆனால் கல்லிலிருந்து சுடச்சுட எடுத்துப் பச்சைமிளகாய்ச் சட்னி தடவித் தருகிறார். மூன்றில் ருசி இதுதான்.

ஆக, வண்டிக்காரரின் சூடு, மவுண்ட் ரோட்டின் பன், உடையாத வடை. இது மூன்றும் சேர்ந்தால் ஐந்து ரூபாய்க்கு விற்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி இரண்டு முறை படித்தார்.

அக்கா, இதையெல்லாம் நான் தின்றது ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஹால் டிக்கெட் சட்டைப்பையில்தான் இருந்தது. தேர்வு நடக்கிற பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் போனேன். மணி அடித்தது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள், நான் வாசலிலேயே நின்றேன். பயம் என்று நினைக்காதே. ஆசை இல்லை, அவ்வளவுதான். அந்த வேலை கிடைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. வடை ஏன் உடைகிறது என்றுதான் தோன்றியது. ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில்தான் மூன்று கடையையும் குறித்துவைத்தேன்.

வெள்ளைத்தாளில், நன்றாக எழுதியிருக்கிறேன் என்று இருக்கும். படித்துவிடு.

செழியன்

வெள்ளிமலை
24-8-87

செழியனுக்கு,

இருமல் இருக்கிறது. அப்பா நலம்.

படித்தேன். அப்பா மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார், போடவில்லை, திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அவர் செய்கிற வேலை. பிறகு வெளியே போய் வீரமுத்துவைக் கூப்பிட்டு, "நம்ம பையன் நல்லா எழுதிகிறானாம்" என்றார். பக்கத்து வீட்டு வீரமுத்துவை உனக்குத் தெரியும், டீக்கடையில் நாலு பேருக்குத் தினத்தாள் படித்துச் சொல்கிறவர். இனி ஊருக்கே தெரியும்.

எனக்கு உன் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். எழுத வேறொன்றுமில்லை.

தங்கமணி

உறையை ஒட்டும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் பள்ளி விடுதியில் சமைக்கிற ரங்கம்மாள் அடை தட்டும்போது மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்துச் சேர்ப்பாள். பிள்ளைகள் ஓடிக்கொண்டே தின்றாலும் உடையாது. உருளைக்கிழங்கு மட்டும் போட்டால் வடை உடையத்தான் செய்யும்.

சென்னை
10-9-87

[வெள்ளைத்தாள்]

அன்புள்ள அப்பாவுக்கு மகன் இளஞ்செழியன் வணங்கி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். தாங்கள் கால் வீக்கத்தோடு வெகுதூரம் நடக்க வேண்டாம். தேர்வு முடிவு தை மாதம் வருமாம். இந்த முறை கண்டிப்பாகக் கிடைக்கும் என்று டுட்டோரியலில் சொல்கிறார்கள். இருபது சதவீதமும் கிடைத்துவிட்டால் கவலையே இல்லை.

[பில் தாள்]

அக்கா, நீ கோபத்தில் எழுதிய கடிதத்தில்தான் எனக்கு விமோசனம் இருந்தது. மரவள்ளியை மசித்து மூன்றில் ஒரு பங்கு சேர்த்தேன். பகலவன் ஒன்றைத் தரையில் போட்டுப் பார்த்தான், உடையவில்லை. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. முதலாளி தின்றுவிட்டு, கண்ணாடி வைத்துத் தெருவைப் பார்த்தபடி பர்கர் கல் போட்டு, அதற்கு என்னையே பொறுப்பாக்கிவிட்டார். தலைக்கு வெள்ளைத் தொப்பிகூட உண்டு. என் வாழ்க்கையில் நான் ஒன்றைச் செய்து, முன்பின் தெரியாத ஆள் அதற்காகத் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை.

ஆனால் தை மாதம் வந்துவிடுமே. நான் தேர்வே எழுதவில்லை, முடிவில் என் எண் எங்கிருந்து வரும்? வாசல் வரை போய்த் திரும்பினேன் என்று அப்பாவிடம் யார் சொல்வது? எனக்காக அவர் ரோட்டில் உட்காரப் போகிறார். எப்படியாவது அவரைத் தடுத்துவிடு.

செழியன்

வெள்ளிமலை
28-9-87

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதம் உனக்கு எப்போது வரும் என்று தெரியாது. பஸ் இன்றைக்குத்தான் மலையேறியது. நீ பத்திரமாக இருக்கிறாயா?

அப்பா கடலூர்ச் சிறையில் இருக்கிறார். பயப்படாதே, அடிபடவில்லை. பதினேழாம் தேதி தொடங்கி ஒரு வாரம் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். வடக்கே பல இடங்களில் துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவில் சொன்னார்கள். தியாகதுருகம் ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களை ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏற்றினார்களாம். நம் தெருவில் அப்பாவும் வீரமுத்துவும். காலனியிலிருந்து யாரும் வேலைக்கு வரவில்லை. அவர்களுக்குப் பயம், நம் ஆட்களுக்கு வீறாப்பு, கொல்லையில் மணிலாக்கடலை பிடுங்க ஆளில்லாமல் கிடக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை பஸ் இல்லை என்றதும், அப்பா உன் கடிதத்துக்குக் காத்திருப்பாரே என்று தவித்தேன். மலைக்கார வேடியப்பன் கடுக்காய் மூட்டையோடு நடந்தே கீழே இறங்குகிறேன் என்று வகுப்பு வாசலில் வந்து நின்றார். உன் இரண்டு தாளையும் வருகைப் பதிவேட்டுக்குள்தான் வைத்திருந்தேன். பிள்ளைகள் சத்தம் போட, மடித்திருந்த ஒன்றை உருவி, "எங்கப்பா கையில குடுங்க, வீரமுத்து படிச்சி சொல்லுவாரு" என்று கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பதிவேட்டைத் திறந்தேன். வெள்ளைத்தாள் உள்ளேயே இருந்தது.

போனது பில் தாள், செழியா. வேடியப்பன் திரும்பி வந்ததும் கேட்டேன். மறியல் நடக்கிற இடத்திலேயே அப்பா கையில் கொடுத்தாராம். அதை யாராவது படித்தார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. மூட்டை கனம், நிற்கவில்லை என்கிறார்.

அக்கா

சென்னை
5-10-87

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த நேரத்தில் கல்லில் எட்டு வடை இருந்தது. எட்டும் கருகிப்போயிற்று. நீ தைரியமாக இரு, நான் இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை.

இன்றே கடலூர் போகிறேன் என்று கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். வாசல் வரை போய்த் திரும்புவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றால், இந்தப் பக்கம் நின்று நான் என்ன பேசுவேன்? தெரிந்துபோய்விட்டதா என்றா?

பகலவன் ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. தட்டும் தனித்தட்டாகிவிட்டது. நேற்று நானே கேட்டேன். "எங்கம்மா திருக்கோவிலூர்லருந்து பஸ் இல்லாம வூட்டுக்கு நடந்தே வந்துச்சி. ரெண்டு நாளு. காலு வெடிச்சிப் போச்சி. தியாகதுருகம் ரோட்ல உங்கப்பாவும் உங்க ஆளுங்களும்தான் உக்காந்துகினு இருந்தாங்க" என்றான். எங்கப்பா அங்கே உட்கார்ந்தது எனக்காக, நானோ இங்கே பன் சுட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். கையிலெடுத்த கவளத்தைத் தின்று முடித்தான். பிறகு, "அப்ப ரெண்டு பேருக்கும் உன்னாலதான் கஷ்டம்" என்றான். சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்த பாதியை என் பக்கம் தள்ளினான்.

செழியன்

வெள்ளிமலை
27-10-87

அன்புள்ள தம்பி,

தீபாவளிக்கு நீ வராதது வீட்டில் நன்றாகத் தெரிந்தது. கடையில் கூட்டமா, இல்லை மனசா?

அப்பா தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் வெளியே வந்தார். இளைத்திருக்கிறார். தாடியை எடுத்ததும் கன்னம் உள்ளே போயிருப்பது தெரிந்தது. சிறையில் என்ன சாப்பாடு என்று கேட்டேன். "களி. கேவுரு நல்லதுதான், கிண்டனவனுக்குக் கை இல்ல" என்றார்.

சனிக்கிழமை அவரே, "தம்பி கடுதாசி இருக்குதா? படி" என்றார். என்னிடம் இருந்தது அந்தப் பழைய வெள்ளைத்தாள்தான். வேறு வழியில்லாமல் படித்தேன். இந்த முறை கண்டிப்பாகக் கிடைக்கும் என்ற இடத்தில் தடுக்கி, அதே வரியை மறுபடி படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர் அன்றைக்குத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "நல்லா எழுதிகிறான்" என்றார். இன்னொரு தபா படி என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்குத் தாங்கவில்லை.

வழக்கு விஷயமாக வக்கீலைப் பார்க்க அடுத்த வாரம் வீரமுத்துவோடு சென்னைக்கு வருகிறார். உன்னைத் தேடி வந்தால் உன் வாயால் சொல்லிவிடு. இனி நான் பொய் படிக்க மாட்டேன்.

அக்கா தங்கமணி

சென்னை
15-11-87

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம் என்று எழுத வரவில்லை. உங்கள் உடம்பு எப்படியிருக்கிறது?

நீங்கள் சென்னைக்கு வந்து போனதாக அக்கா எழுதினாள். என்னைப் பார்க்காமலே போய்விட்டீர்கள். பத்து நாள், கல்லில் வேலை இல்லாத நேரமெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துண்டு போட்ட ஆளும் நீங்கள்தான் என்று நினைத்தேன். இங்கே பகலவனும் எதையோ சொல்ல வந்து வந்து விழுங்கிவிடுகிறான்.

இது வெள்ளைத்தாள்தான், ஆனால் இதில் பொய் இல்லை. நான் தேர்வு எழுதவில்லை. பேக்கரியில் பர்கர் என்று ஒரு பலகாரம் போடுகிறேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்குக் கிடைக்காத படிப்பை எனக்குக் கொடுத்தீர்கள், அதை வைத்து உங்களிடமே பொய் எழுதினேன். நீங்கள் சிறையில் இருந்தபோது நான் வந்து பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது அப்பா. அக்காவைத் திட்டாதீர்கள், அவளைப் படிக்கச் சொன்னது நான்.

மகன்,
இளஞ்செழியன்

தியாகதுருகம் அருகே, நம் வீட்டிலிருந்து
28-11-87

தம்பி, அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு எழுத்தை மாற்றினாலும் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். – அக்கா

செழியனுக்கு அப்பா சடையன் சொல்றது. நான் நல்லா கீறேன். காலு வீக்கம் கம்மி. நீ நல்லா இருக்கணும்.

அந்த பில் தாள அன்னிக்கே படிச்சிட்டேன். நான் எங்க படிச்சேன், வீரமுத்து படிச்சான். நடு ரோட்ல, வெட்டிப் போட்ட புளிய மரத்து மேல உக்காந்துகினு. பாதியில நிறுத்திட்டான். படிடான்னேன். மெதுவா என் காதுல மட்டும் படிச்சான். சுத்தி இருந்தவங்க இன்னா சேதின்னு கேட்டாங்க. பையன் மெட்ராசுல சௌரியமா கீறானாம்னு சொல்லி மடிச்சி என் மடியில வச்சிட்டான். உங்கக்கா மாதிரியே அவனும் பொய் படிக்கக் கத்துகினான்.

எனக்கு வந்த கோவத்துக்கு எழுந்து வூட்டுக்குப் போயிடலாம்னு நெனச்சேன். அவமானமா இருந்துச்சி. ஆனா எனக்குப் பக்கத்துல உக்காந்து இருந்தவன் மவன் எழுதிகிறான். அவனுக்குப் பக்கத்துல இருந்தவன் பொண்ணு டீச்சருக்குப் படிக்குது. என் மவன் எழுதலன்னு நான் எழுந்து போனா, எழுதன புள்ளைங்களுக்கு இன்னா பதில் சொல்றது? உக்காந்தேன். லாரி வந்துச்சி, ஏறிட்டேன். அதனால எனக்காக ஜெயிலுக்குப் போனாருன்னு நீ அழுவ வாணாம்.

மெட்ராசுக்கு வந்தேன். பில் தாள்ல இருந்த அட்ரச வீரமுத்து கேட்டுக் கேட்டு இட்டுகினு போனான். கண்ணாடிக்கு அந்தாண்ட நீ தொப்பி போட்டுகினு கல்லுகிட்ட நின்னுகினு இருந்த. நீ நிமிரவே இல்ல. களை எடுக்கறவன்கூட நடுவுல ஒரு தபா நிமிருவான். கூட்டம் கம்மியானா கூப்பிடலாம்னு நின்னேன். ஜாஸ்திதான் ஆச்சி.

உள்ள வந்து, பன்னுல வடை வச்சி குடுப்பாங்களாமே அத்த குடுப்பான்னேன். குடுக்கற எடத்துல இருந்த புள்ள என் பேச்சக் கேட்டுட்டு, "பெரியவரே, நீங்க எங்க?"ன்னுச்சி. தியாகதுருகம்னேன். மூஞ்சியப் பாத்துது. "கூப்பிடட்டுங்களா?"ன்னுச்சி. வாணாம், வேலைல கீறான், சொல்லாதன்னேன். உங்கூரு எதுன்னேன். கருணாபுரம்னான். டம்ளர்ல தண்ணி வச்சான். குடிச்சேன். உங்கம்மா காலு எப்படிகீதுன்னு கேட்டிருப்பேன், அப்ப எனக்கு அந்தக் கத தெரியாது. இப்பதான் உங்கக்கா சொல்லுது. நீ கேளு, நான் கேட்டன்னு சொல்லு.

மூணு கடையில தின்னுட்டு எழுதிக் குடுத்தியாமே. நான் ஒரு கடைதான் தின்னேன். எழுதிக்க.

வெலை. அஞ்சு ரூவா. கூலிக்காரனுக்கு ஜாஸ்தி. ஆனா நீ ஏமாத்தல, கைக்குக் கனமா இருந்துச்சி.

தரம். உள்ள மரவள்ளி போட்டுகிற. முப்பது வருசம் அத்த நட்டு, புடுங்கி, மண்டிக்கு ஏத்தனவன் நான். எனக்குத் தெரியாதா? நல்ல கெழங்கு. பால் வத்தாத கெழங்கா பாத்து வாங்கு.

இனிமே ரெண்டு தாள் வாணாம். பில் தாள்லயே எழுது, அட்ரசு இருக்கும்.

ருசி. அத்த நான் இப்ப சொல்ல மாட்டேன். அன்னிக்கு உன்னையே பாத்துகினு தின்னேன், ருசி ஒண்ணும் தெரியல. பொங்கலுக்கு வூட்டுக்கு வா. அந்தப் புள்ளையும் இட்டுகினு வா. நம்ம அடுப்புல கல்லப் போட்டு, நீயே சுட்டு என் கையில குடு. தின்னுட்டு சொல்றேன்.

இப்படிக்கு,
சடையன், கைநாட்டு